மூடியின் மேல் பதினாறு கங்குகள்

ஏப்ரல் 4

மிளகுக்கு,

உன் நம்பருக்கு எத்தனை தடவை போட்டாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறாள் அந்தப் பெண். அவளோடுதான் இப்போது நான் அதிகம் பேசுகிறேன். அந்த மலை மேல் டவரே கிடையாதாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை சாமான் ஏற்றிப் போகும் ஜீப்பில் கடிதம் கொடுத்து அனுப்பலாம் என்று பெரியவர் விசாரித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் பேப்பரையும் பேனாவையும் வைத்துவிட்டு, "எழுது. இல்லன்னா என்கிட்ட பொலம்பாத" என்றார். ஆகவே எழுதுகிறேன். நானாக எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. சின்னவருக்குப் பாலம் கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை கிடைத்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் புருஷன் போகிற இடத்துக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறவள் இல்லை நீ. அங்கே சமையல் வேலையில் சேர்ந்துவிட்டாய் என்பதை ஜீப்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அண்ணன் பெரியவரை நானும் தம்பி சின்னவரை நீயும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். ஓரகத்திகள் எப்போது முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெருவே காத்திருந்தது. ஆறு வருஷம் ஏமாற்றினோம். ஒரே கடை, ஒரே அடுப்பு, ஒரே டம்ளரில் டீ. இப்போது தெருவுக்கு வயிறு நிறைந்திருக்கும்.

நடந்தது நடந்துவிட்டது. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு இருநூற்று இருபது பேர். நம் பேக்கிங் அடுப்பில் பன்னிரண்டு பெரிய தட்டு பாஸ்தா. பன்னிரண்டும் கரி. தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்க நான் ரொட்டியில் ஜாம் தடவிப் பரிமாறினேன். அந்த அவமானத்தில் வாயில் வந்ததைப் பேசிவிட்டேன். பேசியதில் பாதி கோபம். நீயும் சும்மா போகவில்லை. போகிற போக்கில் கதவை அறைந்ததில் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது.

உன் கத்தி இங்கேயே கிடக்கிறது. யாரையும் தொட விடவில்லை. அனுப்பவா, வேண்டாமா என்று எழுது.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அக்கா

*

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நீங்களாக எழுதவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். நான் நானாகத்தான் எழுதுகிறேன். இங்கே யாரும் பேப்பர் கொண்டுவந்து வைப்பதில்லை. சிமெண்ட் வந்த சீட்டின் முதுகில் எழுதுகிறேன், அதனால் எழுத்து சிறியது, கோபம் சிறியதில்லை.

பேசியதில் பாதி கோபம் என்கிறீர்கள். மீதிப் பாதி என்ன? கடையில் வேலை செய்யும் நான்கு பேர், பள்ளிக்கூடத்து ஆட்கள், பால் ஊற்ற வந்தவர், எல்லோரையும் வைத்துக்கொண்டு, "அந்த அடுப்பு இல்லன்னா நீ யாருடி?" என்று கேட்டீர்கள். அந்தத் தட்டுகளை இழுத்து வெளியே போட்டதில் முழங்கை வரை கொப்பளித்து நின்ற என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். கொப்புளம் ஆறிவிட்டது.

சரி, கேட்டதற்குப் பதில். ஆம், வேளைக்குச் சாப்பிடுகிறேன். காலையில் அவித்த உருளைக்கிழங்கும் டப்பா மீனும். மதியம் டப்பா மீனும் அவித்த உருளைக்கிழங்கும். முன்பிருந்த சமையல்காரர் ஓடிப்போனபோது விட்டுச்சென்றது இவ்வளவுதான். கூடவே ஏழு கனமான இரும்புச் சட்டிகள். என் சமையலறை, நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும். அடுப்பு, கல். மாவு பிசையலாம் என்றால் காற்று பாதி மாவைக் கொண்டுபோய்விடுகிறது.

எங்களுக்கு முன்னால் பெரிய பள்ளம், அடியில் ஆறு. எதிர்க்கரையில் நாற்பது வீடுகள். மழை தொடங்கிவிட்டால் அவர்களுக்கு மூன்று மாதம் வெளி உலகம் கிடையாது. போன வருஷம் காய்ச்சலில் கிடந்த ஒருவரைக் கயிற்றில் கட்டிய கூடையில் உட்காரவைத்து இழுத்திருக்கிறார்கள். பாதி வழியில் கயிறு சிக்கி, இரண்டு மணி நேரம் அந்த மனிதர் ஆற்றுக்கு மேல் தொங்கினாராம். இந்த முறை மழைக்கு முன் தொங்குபாலம் முடிந்தாக வேண்டும். இருப்பவர்கள் இருபத்திரண்டு பேர். அவர்களுக்கோ சாப்பாட்டைப் பார்த்தாலே வேலை வெறுத்துவிடுகிறது.

போன வாரம் மேஸ்திரி, இன்ஜினியரம்மாவிடம் தட்டை நீட்டி, "இதையே இன்னும் போட்டீங்கன்னா அடுத்த ஜீப்புல பாதிப் பேரு இறங்கிடுவானுங்க. நான் தடுக்க மாட்டேன். ஏன்னா நானும் அதுலதான் இருப்பேன்" என்றார். இன்ஜினியரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பெரிய கம்பி வடத்த இழுத்துக் கட்டுற அன்னிக்கி எல்லாருக்கும் பேக் பண்ணின பாஸ்தா. சீஸ் மேல பொன்னிறமா முறுகி இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

"அவன் இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டார் மேஸ்திரி, பேக்கிங் அடுப்பை நினைத்து.

"நான் இங்கதானே இருக்கேன்?" என்று வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார் உங்கள் கொழுந்தனார். மலையே சிரித்தது.

எனக்காக இல்லை. இருபத்திரண்டு பேருக்காக: பாஸ்தா, சீஸ், தக்காளி டப்பா, பால் பவுடர். பெரியவரிடம் சொல்லுங்கள், உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

கத்தியை அனுப்புங்கள்.

மிளகு

*

ஏப்ரல் 18

மிளகுக்கு,

பெரியவரிடம் சொல்வதாம். அவருக்கு மைதாவுக்கும் சோள மாவுக்கும் வித்தியாசம் தெரியாது. நானே கட்டினேன். குழாய் மாதிரி இருக்கும் தடித்த பாஸ்தா எட்டு கிலோ. மெல்லிய ரகம் விறகு நெருப்பில் கூழாகிவிடும். கெட்டி சீஸ் மூன்று கிலோ, ஈரத்துணியில் சுற்றியது. தக்காளி டப்பா, பால் பவுடர், வெண்ணெய், புகை போட்ட சாசேஜ், காய்ந்த ஓரிகானோ. கத்தி, அட்டைக்குள். தீட்டியிருக்கிறேன், பார்த்து எடு.

ஆனால் இது நடக்காது. பேக் செய்ய வேண்டுமென்றால் நான்கு பக்கமும் சூடு நிற்க வேண்டும். விறகு நெருப்பு கீழிருந்து மேலே போகும், அவ்வளவுதான். அடி தீய்ந்து மேலே பச்சையாக இருக்கும். பதினைந்து வருஷம் அடுப்பு முன்னால் நின்றவள் சொல்கிறேன், கேட்டால் கேள். பேசாமல் சாசேஜை நறுக்கிப்போட்டு பாஸ்தாவை ஒரே சட்டியில் கிளறிக் கொடுத்துவிடு. பசித்தவன் முறுகலைக் கேட்க மாட்டான்.

அன்றைக்கு நீ கை சுட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. கவனித்தேன்.

இதற்குக் கீழே இரண்டு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "அன்றைக்கு நான்" என்பது வரை தெரிகிறது. பிறகு பேனாவைக் குத்திக் குத்தி ஓட்டையாக்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் நடந்தது. சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தேன். இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது, ஆனால் எதுவும் சீக்கிரம் வேகவில்லை. உயரமான இடத்தில் அப்படித்தான் என்று இன்ஜினியரம்மா பிறகு சொன்னார். பத்து நிமிஷத்தில் இறக்கிய பாஸ்தா உள்ளே சுண்ணாம்பு மாதிரி இருந்தது. அதைச் சட்டியில் அடுக்கி, தக்காளிக் குழம்பும் வெள்ளை சாஸும் ஊற்றி, சீஸ் தூவி, கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைத்தேன். மூடியின் மேல் நெருப்பை அள்ளிப் போட்டேன். மூடி தட்டையான தகரம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் கரித்துண்டு வழுக்கி உள்ளே விழுந்தது. முடிவில் அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கரி, நடுவில் விறைத்த குழாய், மேலே சாம்பல் தூவிய பச்சை சீஸ்.

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. மேஸ்திரி ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டை மெதுவாகக் கீழே வைத்து, "டப்பா மீன் இருக்காம்மா?" என்றார். சனிக்கிழமை ஜீப்பில் மூன்று பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மூன்று பேருமே கம்பி வடம் இழுக்கத் தெரிந்தவர்கள். என் பாஸ்தாவால் ஒரு பாலம் நின்றுபோகும் போலிருக்கிறது.

சிமெண்ட் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சின்னவர் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்திலும் புகை.

அக்கா, இதை எழுதக் கூடாது என்றிருந்தேன். அன்றைக்கு இருபத்தைந்து நிமிஷம் என்று நானே பலகையில் சாக்பீஸால் எழுதினேன், அடுப்பின் சூட்டை நானே வைத்தேன், பதினெட்டாவது நிமிஷத்தில் புகை வந்தது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான்தான் குமிழைத் தப்பாகத் திருகிவிட்டேனோ? கை ராசி இல்லாதவள் என்று ஒன்று உண்டா? நீங்கள் கேட்டது சரிதானோ?

மிளகு

*

மே 3

மிளகுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நீ சரியாகத்தான் வைத்தாய். குமிழைத் திருகியது நான்.

தலைமை ஆசிரியை அரை மணி நேரம் முன்னதாக வந்து நின்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்தாய். சீக்கிரம் ஆகட்டும் என்று குமிழைக் கடைசி வரை திருகிவிட்டு, இரண்டு நிமிஷத்தில் வந்து குறைக்கலாம் என்று வாசலுக்குப் போனேன். அங்கே அவரிடம் பேச்சுக் கொடுத்து நின்றுவிட்டேன். புகையைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது. நான் ஓடி வருவதற்குள் நீ கையை உள்ளே விட்டுவிட்டாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னைப் பார்த்து அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. வந்த பிறகு திரும்ப எடுக்கத் தெரியவில்லை. நீ கேட்டாயே, மீதிப் பாதி என்னவென்று. பயம்.

ஐந்து வாரத்துக்கு மேல் இதை வைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், கல்லாவில் உட்கார்ந்தேன். உனக்கு உன் கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது என்று படித்த பிறகு முடியவில்லை. பெரியவரிடம் சொன்னேன். அவர், "கடையில எல்லார் முன்னாடியும்தானே அவளத் திட்டின? அப்ப எல்லார் முன்னாடியும்தான் சொல்லணும்" என்றார். சொன்னேன். நால்வரையும் நிற்கவைத்து, பால்காரரையும் இருக்கச் சொல்லிச் சொன்னேன். பால்காரர், "சரிக்கா, நாளைக்கு எத்தன லிட்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னொன்று. நீ தோற்றாய் என்று படித்ததும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் செங்கல் அடுக்கி நானும் விறகு மூட்டினேன். என்னால் முடிகிறதா பார்க்கலாம் என்றுதான். மூன்று சட்டி பாழ். மூன்றாவதில் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ போன் செய்து தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. எட்டுப் பேர் குழாயோடு இறங்கினார்கள். "சமையலா? நாங்க குடோன் எரியுதுன்னு வந்தோம்" என்றார் ஒருவர். என் இடது புருவம் பாதிதான் இருக்கிறது.

நடக்காது என்று சொன்னவள் இப்போது எழுதுகிறேன்: எனக்கு வரவில்லை. உனக்கு வரும். விட்டுவிடாதே.

இதில் அடித்த வரி ஒன்றும் இல்லை.

அக்கா

*

மே 10

அக்காவுக்கு,

படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆனது. ஜீப்காரர் இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டார், சுருக்கமாக எழுதுகிறேன்.

முதல் நாள் எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் மீதிப் புருவமும் போயிருக்கும். மன்னித்துவிட்டேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன், கை வரவில்லை. பொய்யாக எழுத மாட்டேன். ஆனால் இரண்டாம் நாள் காலையில் எழுந்தபோது தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது. என் கை சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் சரி, எப்போதும் சரி. அப்படியானால் வியாழக்கிழமை தோற்றது கை இல்லை, வழி. வழியை மாற்றலாம்.

மாற்றினேன். கொழுந்துவிடும் நெருப்பு ஆகாது, கங்குதான் வேண்டும். மூன்று மணி நேரம் கட்டையை எரியவிட்டு, முட்டை அளவுக் கங்குகளைப் பொறுக்கினேன். சட்டிக்கு அடியில் எட்டு, மூடிக்கு மேல் பதினாறு. மேலேதான் இரண்டு மடங்கு. மூடியையும் மாற்றினோம். "கரி வழுக்காம இருக்கணும், அவ்வளவுதானே?" என்று கேட்டுவிட்டுச் சின்னவர் கனமான தகட்டை வட்டமாக வெட்டி, சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பும், நடுவில் ஒரு வளையமும் வைத்து வெல்டிங் செய்து கொடுத்தார். கொக்கி போட்டுத் தூக்கினால் ஒரு துளி சாம்பல் விழுவதில்லை. பாஸ்தாவை இன்னும் ஏழு நிமிஷம் வேகவைத்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சட்டியை வலப்பக்கம் கால் சுற்று, மூடியை இடப்பக்கம் கால் சுற்று.

நேற்று ஒரு சின்னச் சட்டியில் வந்துவிட்டது. யாருக்கும் காட்டவில்லை. நானும் அவரும் தார்ப்பாய்க்குப் பின்னால் திருடர்கள் மாதிரி தின்று முடித்தோம்.

வடம் இழுப்பது பதினாறாம் தேதி. சீஸ் ஆறு கிலோ, பாஸ்தா பத்து கிலோ வேண்டும். ஹார்ன்.

மிளகு

*

மே 19

அக்கா,

எங்கே தொடங்குவது? உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இல்லை, நின்றுகொண்டே படியுங்கள், உட்கார்ந்தால் தாங்காது.

பதினாறாம் தேதி விடிந்ததும் கட்டைகளை மூட்டினேன். இன்ஜினியரம்மா, "பன்னிரண்டு மணிக்கு வடம் ஏறிடும்" என்றார். இந்தக் கரையில் பத்தொன்பது பேர் வடத்தை இழுக்கும் கை வின்சைச் சுற்றுவார்கள். எதிர்க்கரையில் அந்த நாற்பது வீட்டு ஜனங்களில் இருபத்தைந்து பேர், பெண்களும்தான், வடத்தின் மறுமுனையைப் பாறையில் மாட்ட நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஆறு சட்டி அடுக்கினேன். அடியில் குழம்பு, பிறகு பாஸ்தா, சாசேஜ், வெள்ளை சாஸ், சீஸ். மறுபடியும் அதே வரிசை. பதினொன்றுக்கு ஆறு சட்டியும் கங்கில் ஏறிவிட்டன. பதினொன்றரைக்கு டமார் என்று ஒரு சத்தம்.

வின்சின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கட்டை உடைந்துவிட்டது. பாதி ஏறிய வடம் பள்ளத்தின் நடுவே தொங்குகிறது. எல்லோரும் கத்துகிறார்கள். சின்னவர் வெல்டிங் கம்பியோடு ஓடினார். "எவ்ளோ நேரம்?" என்று இன்ஜினியரம்மா கேட்டார். "ரெண்டு மணி நேரம் குடுங்க" என்றார் அவர்.

என் பாஸ்தாவுக்கு இருந்ததோ இருபது நிமிஷம்.

அக்கா, அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள் கடையின் புகை வாசனை வந்தது. பன்னிரண்டு தட்டும் கண் முன்னால் வந்தன. பயந்துகொண்டே வேலையைத் தொடங்கினேன். ஆறு சட்டியின் அடிக் கங்கையும் இழுத்துவிட்டேன். மேலே நான்கு நான்கு மட்டும் விட்டேன், சூடு ஆறாமல் இருக்க. காற்று வேறு கிளம்பிவிட்டது. ஒரு பக்கக் கங்கு மட்டும் கனன்று சிவக்கிறது. கூரைக்கு வைத்திருந்த தகர ஷீட்டுகளை நானே இழுத்துவந்து சுவர் மாதிரி நட்டேன். அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு மூடியையும் தூக்கி, ஓரத்தைச் சுற்றிச் சூடான பாலை இரண்டு கரண்டி விட்டேன், வறண்டுவிடக் கூடாதே என்று. பக்கத்தில் புதுக் கங்கு தயாராகிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரம் நான் உட்காரவில்லை. ஆறு சட்டியோடும் பேசிக்கொண்டிருந்தேனாம், பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

ஒன்றே முக்காலுக்கு வின்ச் மறுபடி சுற்றத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து மூடிகளின் மேல் பதினாறு பதினாறாகப் புதுக் கங்கு வைத்தேன். சீஸ் முறுகுகிற வாசனை காற்றோடு நேராக அவர்கள் மேல் போனது. "யம்மா, மூடியக் கொஞ்சம் அமுத்தி வை! எச்சில் ஊறி கை வழுக்குது!" என்று மேஸ்திரி கத்தினார். யாரோ, "இல்லண்ணே, இன்னும் வேகமா சுத்துறோம்!" என்றார்கள். சத்தியமாக வேகமாகத்தான் சுற்றினார்கள். இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வடம் விறைத்து நேராக நின்றது. இரண்டு கரையிலும் எழுந்த சத்தத்தில் ஆறே கேட்கவில்லை.

முதல் மூடியைக் கொக்கியால் தூக்கினேன். பொன்னிறம், அக்கா. நடுவில் பொன்னிறம், ஓரத்தில் கருஞ்சிவப்பாக முறுகல், இடையிடையே குழம்பு கொப்பளித்துக்கொண்டு. கரண்டியை விட்டால் அடி வரை இறங்கி, நூல் நூலாகச் சீஸ் இழுத்துக்கொண்டு வருகிறது. மேஸ்திரி அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. முதல் ஆளாகத் தட்டோடு வந்து, "அந்த ஓரம் எனக்கு" என்றார். ஓரத்துக்காக ஒரு சண்டையே நடந்தது. இன்ஜினியரம்மா நின்றுகொண்டே மூன்று முறை வாங்கினார்.

எதிர்க்கரைக்கு? புது வடத்தில் கூடையை மாட்டினார்கள். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், இன்ஜினியரம்மா கையைக் குறுக்கே நீட்டி, "மொதல்ல மணல் மூட்ட. அப்புறம்தான் பாஸ்தா" என்றார். இரண்டு மூட்டை மணல் போய்த் திரும்பியது. பிறகு கம்பியால் மூடி கட்டிய சட்டிகள், ஒவ்வொன்றாக, ஆவி பறக்கப் பறக்க, அந்தப் பள்ளத்தின் மேல் போயின. முதல் சட்டி அங்கே சேர்ந்ததும் ஒரு பெண்மணி மூடியைத் திறந்துவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். சாயங்காலம் சட்டிகள் கழுவித் திரும்பி வந்தன. ஒன்றில் பெரிய பூசணிக்காய், அதன் மேல் கரியால் எழுதியிருந்தது: "மறுபடி எப்போ?"

இறங்கிப் போன மூவரில் இருவர் நேற்று ஜீப்பில் வந்துவிட்டார்கள். "சாப்பாட்டுக்காக வரல, வேலைக்காகத்தான் வந்தோம்" என்று கையில் தட்டோடு நின்று சொன்னார்கள்.

முதல் மூடியைத் திறந்த அந்தக் கணத்தில் நான் திரும்பி யாரைத் தேடினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மிளகு

*

மே 25

மிளகுக்கு,

கேட்க மாட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் வாசித்தேன். உரக்க. சாப்பிட வந்தவர்கள் கரண்டியை நிறுத்திக்கொண்டு கேட்டார்கள். வின்ச் உடைந்த இடத்தில் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், தம்பிக்கு ஏதோ ஆகிவிட்டது போல. வடம் நேராக நின்ற இடத்தில் பால்காரர் கைதட்டினார். நான் எத்தனை தடவை நிறுத்திக் கண்ணைத் துடைத்தேன் என்பதை அவர்கள் யாரும் உனக்கு எழுதமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

அடியை இழுத்துவிட்டு மேலே நான்கு மட்டும் வைத்தாயே, அதை நான் யோசித்திருக்க மாட்டேன். நான் பயந்து குமிழைத் திருகியவள். நீ பயந்துகொண்டே நெருப்பைக் குறைத்தவள். இதை இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியையிடம், எரித்தது யார் என்பதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத சொல்லவா வந்தீங்க?" என்றார். பிறகு, ஜூலையில் இன்னொரு விருந்து இருக்கிறது, செய்து தருவீர்களா என்று கேட்டார்.

"பார்ட்னரக் கேக்கணும்" என்றேன்.

"உங்களுக்கு யாரு பார்ட்னர்?"

"மலையில இருக்கா. பாலம் முடிஞ்சா வருவா. வராமலும் இருப்பா. அது அவ இஷ்டம்."

திரும்பி வா என்று எழுத மாட்டேன். அதைக் கேட்கும் உரிமையை நானே தொலைத்தேன். ஜூலைக்குச் சரியா, இல்லையா என்று மட்டும் சொல்.

அக்கா

*

ஜூன் 1

அக்காவுக்கு,

பலகைகள் போட்டு முடித்துவிட்டார்கள். நேற்று மேஸ்திரி நடுப்பாலத்தில் நின்று குதித்துக் காட்டினார். இன்ஜினியரம்மா திட்டிய திட்டில் இறங்கி வந்துவிட்டார்.

ஜூலைக்குச் சரி. ஆனால் அதற்குப் பிறகு நான் கடைக்கு முழுசாகத் திரும்பவில்லை, அக்கா. கோபத்தில் எழுதவில்லை. அடுத்த பாலம் எண்பது ஆட்களோடு தொடங்குகிறது. சமையலுக்குத் தலைமையாக வருகிறாயா என்று இன்ஜினியரம்மா கேட்டார். யோசிக்காமல் வருகிறேன் என்றேன். வடம் இழுத்த அன்றைக்கு எனக்கு வந்த பசி சாப்பாட்டுப் பசி இல்லை, இந்த வேலை மேல் வந்த பசி. வருஷத்தில் பாதி மலை, பாதி கடை என்று ஒரு ஓரகத்தி உங்களுக்குப் போதுமா?

மன்னிப்பைப் பற்றி: நேற்றுப் பூசணிக்காயை வெட்டிக்கொண்டே யோசித்தேன். எப்போது மன்னித்தேன் என்று தேதி சொல்லத் தெரியவில்லை. வடம் இழுத்த வாரத்துக்குள் எங்கேயோ நடந்திருக்கிறது.

ஒன்பதாம் தேதி பாலம் திறக்கிறார்கள். மழைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, ஜெயித்துவிட்டோம். இரு கரையிலும் சேர்த்து இருநூறு பேர். சின்னவர் ராப்பகலாக மூடி செய்கிறார். இருபது சட்டி. எனக்கு இருப்பது இரண்டு கை.

வாருங்கள்.

மிளகு

*

ஜூன் 6

மிளகுக்கு,

உனக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்று ஜீப்காரரிடம் சொன்னேன். அவர் என்னையும் என் மூட்டைகளையும் பார்த்துவிட்டு, "நீங்களே வர்றீங்களேக்கா, நீங்களே குடுத்துடுங்க" என்றார். ஆகவே இது என் கையாலேயே உனக்கு வரும். பிறகு எதற்கு எழுதுகிறாய் என்று பெரியவர் கேட்கிறார். அவருக்கென்ன, முன் சீட்டைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

எதிரில் நின்று பேச எனக்கு வராது. எதிரில் வந்தால், ஏன் இப்படி இளைத்துப்போனாய், ஏன் இப்படிக் கறுத்துப்போனாய் என்று திட்டத்தான் வரும். அதனால் எழுதிவிடுகிறேன். பாதி மலை, பாதி கடை, முழு ஓரகத்தி. அது எனக்குப் போதும். கடைக் கதவில் நம் இருவர் பெயரையும் எழுதச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், ஒரே அளவு எழுத்தில்.

இதைக் கையில் கொடுத்ததும் அங்கேயே நின்று படி. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாதே. சொன்னால் நான் எல்லார் முன்னாலும் அழுதுவிடுவேன்.

எந்தெந்தச் சட்டி என்னுடையது, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல். நீ சொல்கிறபடி திருப்புகிறேன்.

அக்கா